மாமனாரின் கடலுக்குச் சுண்ணாம்பு அடித்த கதை

தலை தீபாவளிக்குப் போகும் மாப்பிள்ளைக்கு அந்த ஒரு நாள் மட்டும் உலகத்தில் எல்லாமே தெரியும். அவன் என்ன சொன்னாலும் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள் என்பதால் வருகிற ஞானம் அது. எனக்கும் வந்தது.

என் மாமனார் வீடு கொட்டிவாக்கத்தில். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கூடத்தில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்திருந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். ஆனால் அவர் உயிர் மீனில் இல்லை, கற்களில் இருந்தது. கற்களின் மேல் ரோஜா நிறத்தில் ஓடு மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. கோரலைன் என்கிற பாசியாம். இரண்டு வருஷமாகத் தண்ணீரைச் சோதித்துச் சோதித்து வளர்த்தது. (மகளைக் கூட அவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்க்கவில்லை என்று என் மனைவி உமா சொல்வாள்.)

விருந்து முடிந்து தாம்பூலத் தட்டு வந்தது. ஒரு கல்லின் ஓரம் கொஞ்சம் வெளுத்திருப்பதை மாமனார் கவலையோடு காட்டினார். நான் மந்தைவெளியிலிருந்து வரும் வழியில், மாமனாரை அசத்துவதற்காகவே போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். பாதிதான் பார்த்தேன், அதற்குள் திருவான்மியூர் வந்துவிட்டது. "கால்சியம் பத்தல மாமா. சுண்ணாம்பு போட்டாச் சரியாயிடும்" என்றேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் புது மாப்பிள்ளை. "நீங்க சொன்னா சரிதான் மாப்ள" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பு டப்பாவை அப்படியே சொம்பில் கரைத்தேன், தொட்டியில் கவிழ்த்தேன். சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்பது வீடியோவின் மறுபாதியில் இருந்திருக்கிறது. படுபாவி, அதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

மச்சான் பாலாதான் முதலில் பார்த்தான். "இன்னா மாமா, தண்ணி பாலாட்டம் ஆயிகினு வருது?"

மீன்கள் கண்ணாடியில் முட்டின. மாமனார் முழங்கை வரை பட்டுச்சட்டை நனைய மீன்களை அள்ளி, கலந்து வைத்திருந்த உப்புத்தண்ணீர் டிரம்மில் விட்டார். டிரம் தண்ணீர் மீனுக்கு மட்டும்தான் போதும். கற்களுக்கு? இருக்கவே இருக்கிறது கடல்.

பட்டு வேட்டி, பட்டுப்புடவை, கையில் ஆளுக்கொரு குடம். மாமியார் முன்னால் நடக்க, நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர், "என்ன சார், உங்க வீட்ல கங்கா ஸ்நானம் கடல்லயா?" என்று கேட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மீன்கள் பிழைத்தன. இரண்டு வருஷத்து ரோஜா நிறம்தான் பிழைக்கவில்லை. அடுத்த சில நாட்களில் கற்கள் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் போல ஆகிவிட்டன. அன்று மாமனார் சொன்னது ஒன்றுதான்: "பரவால்ல மாப்ள. மீன் உசுரோட கீதுல்ல." நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பாசி மறுபடி புள்ளி புள்ளியாகப் படர ஆரம்பித்திருக்கிறது. என் மரியாதை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அந்த வீட்டில் நான் ஒரு யோசனை சொல்ல வாயைத் திறந்தால் போதும்.

போன மாதம் எங்கள் குழந்தைக்குப் பெயர் வைக்க எல்லோரும் கூடியிருந்தோம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஒரு பேரு நெனச்சி வெச்சிருக்கேன்" என்றேன்.

மாமனார் உள்பக்கம் திரும்பி, நிதானமாக மாமியாரைக் கூப்பிட்டார். "மாப்ள ஏதோ சொல்றாராம். எல்லாருக்கும் குடத்த எடுத்துக் குடு."