மலைக்கு டேப் வைத்தவர்

உலகத்தில் ஒரு பொருளைச் செய்கிறவர்கள் ஒரு ரகம், செய்து முடித்ததும் எங்கிருந்தோ வந்து நின்று, "நல்லாத்தான் இருக்குது, ஆனா..." என்று இழுக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தை உங்களுக்குத் தெரியாதா என்ன? கல்யாணப் பந்தியில் ரசத்தைக் குடித்துவிட்டுச் சமையற்காரரைக் கூப்பிடுவாரே, அவரேதான். அந்த ரகத்தைக் கேலி செய்ய எனக்கு முழுத் தகுதி உண்டு, ஏனென்றால் நானும் அதில்தான் சேர்த்தி. ஆனால் என்னைப் பற்றி நானே எழுத வெட்கமாக இருப்பதால், திருப்பூர் மண்ணரையில் இருக்கும் தீனதயாளனைப் பிடித்து உங்கள் முன்னால் நிறுத்துகிறேன்.

தீனதயாளனுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாளெல்லாம் டேப்பும் கையுமாக நின்று, தைத்து வந்த டி-ஷர்ட்டை அளந்து, புரட்டி, வெளிச்சத்தில் பிடித்து, தப்பு இருக்கிற இடத்தில் எல்லாம் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார். பதினான்கு வருஷமாக ஒட்டுகிறார். வீட்டில் தோசை கொஞ்சம் கோணலாக வந்தாலும் அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தடவும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் இவரும் இன்னும் ஐந்து பேரும் அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதில் மைக் மாட்டிக்கொண்டு, ஒளிந்து சுடும் விளையாட்டு ஒன்றை ஆடுவார்கள். அந்த விளையாட்டில் மேப் எடிட்டர் என்று ஒன்று உண்டு. மவுஸை இழுத்தால் மலை எழும்பும், அமுக்கினால் பள்ளம் விழும், புல்லும் பாறையும் ஓடையும் நம் இஷ்டம். நமக்கு வேண்டிய பூமியை நாமே உண்டாக்கி, அதிலேயே ஆடலாம். இந்தக் கலையில் தீனதயாளன்தான் கூட்டத்துக்கு வாத்தியார். அவர் எத்தனை மேப் முடித்திருக்கிறார் என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள், பாவம். நாலு வருஷமாக ஒரே ஒரு பாறையை இடது பக்கமும் வலது பக்கமும் நகர்த்திக்கொண்டிருக்கிறார்.

இந்த நிலையில்தான் அந்த ஆறு பேரில் ஒருத்தியான அனுசுயா தன் முதல் மேப்பை அனுப்பினாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, அதே கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிற பெண். எடிட்டரைத் தொட்டே மூன்று வாரம்தான் ஆகிறது. ஒரு மலை, அதன் இடுப்பில் ஒரு பொந்து, கீழே நெளிந்து ஓடும் ஓடை, அங்கங்கே பாறை. "பாத்துச் சொல்லுங்கண்ணே, ஞாயித்துக்கிழமை இதுல ஆடலாமா?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது 'ஆடலாம்' என்ற ஒரு சொல்தான்.

தீனதயாளன் பார்த்தார். முதல் பார்வையிலேயே, "அடேங்கப்பா!" என்று மனசு துள்ளியது. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்புறம் வாத்தியார் எதற்கு?

"நல்லாத்தான் இருக்குது அம்மிணி, ஆனா மலையோட எடதுபக்கச் சரிவு நாப்பத்திரெண்டு டிகிரி, வலதுபக்கம் நாப்பத்தேழு வருது. டி-ஷர்ட்டுல ரெண்டு கையும் இப்பிடி வந்தா பாக்ஸோட திருப்பி உட்ருவாங்க."

"மலைக்குமா அண்ணே?"

"எதா இருந்தாலும் அளவு அளவுதான் அம்மிணி."

அவளும் சரிசெய்து அனுப்பினாள். இவர் விட்டாரா? புல் ஓரிடத்தில் கரும்பச்சை, ஓரிடத்தில் இளம்பச்சை, ஆகவே ஷேடு மாறுகிறது. ஓடையின் கரை நெளிகிறது, ஆகவே ஓரம் நேராக இல்லை. பாறைகள் கறை மாதிரித் தெரிகின்றன. பொந்து என்பது ஓட்டை, ஓட்டை விழுந்த பீஸை யார் வாங்குவார்கள்? படம் பிடித்து, படத்தின் மேல் சிவப்பு அம்பு போட்டு அனுப்பினார். நாலே நாளில் நாற்பத்தொரு அம்பு. அனுசுயா ஒன்றைக்கூட விடாமல் அடைத்தாள், நிரவினாள், நேராக்கினாள். வெள்ளிக்கிழமை மேப் வந்தபோது தீனதயாளன் வெகுநேரம் பார்த்துவிட்டு எழுதினார்: "இப்பத்தான் நீட்டா இருக்குது. ஆனா என்னமோ ஒண்ணு கொறையுது அம்மிணி."

ஞாயிற்றுக்கிழமை அந்த மேப்பில் ஆடினார்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, ஆறு பேரும் செத்துக் கிடந்தார்கள். ஒளிய இடமிருந்தால்தானே? இஸ்திரி போட்ட பூமி.

சாமளாபுரத்தில் தறி ஓட்டும் லிங்கசாமி மைக்கில் அலறினார். "ஏனுங்க, ஒரு குண்டுகுழிகூட இல்லீங்களே! ஆருங்க இதைப் பண்ணுனது?"

இங்கேதான் நம் ரகத்தின் குணம் வெளியே வருகிறது. "புதுசுங்க அந்த அம்மிணி. போகப் போகக் கத்துக்குமுங்க" என்றார் தீனதயாளன், பெரிய மனதோடு.

அப்போதுதான் அனுசுயாவின் குரல் வந்தது. "சரிண்ணே. எனக்கு இது வராது போல. இனிமே நான் ஆடுறதோட நிறுத்திக்கிடுதேன்."

தீனதயாளனுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் இனிமேல் எடிட்டரைத் திறக்கமாட்டாள் என்று தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் வாத்தியார் பட்டம் போகும். மூடிக்கொண்டால் அவள் மலை போகும். தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார். நம்மவர்களுக்கு அடுத்தவர் தப்பு நாற்பத்தொன்று கண்ணில் படும். சொந்தத் தப்பு ஒன்றைச் சொல்ல நாக்கு புரளாது.

"இல்லீங்க லிங்கசாமி" என்றார் கடைசியில். "அந்தப் புள்ள பண்ணுனது நல்லாத்தான் இருந்துச்சுங்க. கெடுத்தது நானுங்க. வேலை மெனக்கெட்டுக் கெடுத்தனுங்க. அம்மிணி, மொதல்ல பண்ணுனதை அழிச்சுப்போட்டியா?"

"இல்லண்ணே. மனசு வரல."

அதைப் போட்டார்கள். ஒன்றரை மணி நேரம் ஒருத்தரும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. லிங்கசாமி மலையைச் சுற்றிச் சுற்றி வந்து, "அம்மிணி, அடுத்த வாரத்துக்கும் ஒண்ணு பண்ணிப்போடு!" என்று கத்தினார். "சரிண்ணே, பண்ணுதேன்" என்று அவள் சிரித்தது எல்லார் காதிலும் விழுந்தது. தீனதயாளனும் சிரித்தார். ஓடையைத் தாண்டும்போது மட்டும் அவருக்கு ஒரு யோசனை வந்து நாக்கு நுனிவரை ஏறியது. சட்டென்று மைக்கை அணைத்துவிட்டு, அதைச் சுவரைப் பார்த்துச் சொல்லித் தீர்த்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். சந்தோஷம். போகட்டும், உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ ஒருவர் தாம் செய்த ஒன்றை உங்கள் முன் நீட்டி, "எப்படி இருக்கு?" என்று கடைசியாகக் கேட்டது எப்போது? ரொம்ப நாளாக யாரும் கேட்கவில்லை என்றால், அவர்கள் ஒன்றும் செய்வதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். உங்களிடம் காட்டுவதில்லை, அவ்வளவுதான். என்னிடம் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது.