கத்தி படாத கல்லுக்கு ஒரு நம்பர்

போர்ட் பிளேயரில் அந்தக் காலத்தில் ஒருவனுக்கு வியாதி உண்டா இல்லையா என்று தீர்மானித்தவர் டாக்டர் அல்ல; எங்கள் ஆபீஸ் நம்பர்சாமிதான். எங்களில் யாராவது வைத்தியத்துக்கு மெயின்லேண்ட் போவதென்றால் சர்க்கார் அனுமதி வேண்டும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் சர்க்கார் ஒரு நம்பர் வைத்திருந்தது. சீட்டில் அந்த நம்பரை எழுதிக் கொடுப்பது அவர் வேலை. நம்பர் இல்லாத நோயை அவர் நோயாகவே மதிக்க மாட்டார்.

திக்லிபூரிலிருந்து ஒருவர் விக்கல் நிற்கவில்லை என்று கப்பலேறி வந்தார். "விக்கலுக்கு நம்பர் கெடையாதுவே. வேற ஏதாவது வந்தா வாரும்" என்றார் நம்பர்சாமி. அந்த அதிர்ச்சியிலேயே விக்கல் நின்றுபோயிற்று.

நம்பர்சாமி திருநெல்வேலிக்காரர். எங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கராச்சர்மாவில் ஒரு கல்யாணப் பந்தியில் எங்கள் ஸ்டோர் கீப்பரைப் பார்த்து, "வே முப்பத்தொண்ணு, பலக கட்டியா இருக்கு, பாத்து உக்காரும்" என்று கத்தினார். ஆபீஸில் எல்லோருக்கும் நம்பர்கள் மனப்பாடம். முப்பத்தொன்று மூலம். மனிதர் பாயசத்துக்குக்கூடக் காத்திராமல் எழுந்து போய்விட்டார்.

எனக்கு வந்தது கல். சிறுநீரகத்திலிருந்து இறங்கி, பாதி வழியில் சிக்கிக்கொண்டு, என்னை மேஜைக்கு அடியில் உருள வைத்தது. மதராஸில் ஒரு டாக்டர் கத்தியே வைக்காமல், சிறுநீர் வரும் வழியாக ஒரு கம்பிக்கூடையை விட்டுக் கல்லை இழுத்துவிடுகிறார் என்று எங்கள் ஊர் டாக்டர் அங்கே போகச் சொன்னார். கப்பல் அன்று சாயங்காலம். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை நான் தாங்குவேன் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

ஆனால் சர்க்கார் பட்டியலில் வயிற்றைக் கீறிக் கல்லெடுப்பதற்கு மட்டும்தான் நம்பர் இருந்தது.

"அதையே போட்டுக் குடுங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினேன்.

"வெட்டாத வயித்துக்கு வெட்டுத நம்பரா? அங்க உள்ளவன் இதப் பாத்தாம்னா கத்தியத் தீட்டிருவாம்வே."

"டாக்டர் நம்பரைப் பாத்தா ஆபரேஷன் பண்ணுவார்?"

"பின்ன, உம்ம மொகத்தப் பாத்தா பண்ணுவாரு?"

வலியில் அவரைக் கடித்துவிடலாம் போலிருந்தது. அவரோ பட்டியலைப் புரட்டினார், கண்ணை மூடி யோசித்தார், பிறகு முகமெல்லாம் மலர ஒரு நம்பரை எழுதிக்கொண்டு ஆபீசர் அறைக்குப் போனார். நானும் குனிந்தபடியே பின்னால் போனேன்.

ஆபீசர் ஹிந்திக்காரர். சீட்டைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார். சீட்டில் இருந்தது, குழந்தைகள் மூக்கில் போட்டுக்கொள்ளும் புளியங்கொட்டையை எடுக்கிற நம்பர்.

"யே க்யா ஹை? நாக் மே பத்தர்?" மூக்கில் கல்லா என்று கேட்டார்.

"சாப், இம்லி பீஜ் பினா சாக்கு நிகல்தா. பத்தர் பி பினா சாக்கு நிகல்தா. காம் ஏக், ராஸ்தா அலக்."

புளியங்கொட்டையும் கத்தியில்லாமல் வருகிறது, கல்லும் கத்தியில்லாமல் வருகிறது. வேலை ஒன்று, வழிதான் வேறு என்று அர்த்தம். அதோடு நிறுத்தாமல், அந்த வழி எது என்று என் இடுப்புக்குக் கீழே கையால் சுட்டியும் காட்டினார். ஆபீசர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கையெழுத்தை வாங்கிவிட்டார் நம்பர்சாமி.

மதராஸ் ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்ததும் என்னை மூக்கு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் விளக்கடித்துப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்டுகிற நம்பரோடு வந்திருந்தால் எங்கே அனுப்பியிருப்பார்களோ! ஒருவழியாகக் கூடை டாக்டரைக் கண்டுபிடித்தேன். கல்லும் வந்தது.

திரும்பி வந்து கப்பல்துறையில் இறங்கினேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார் நம்பர்சாமி. சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் என் சட்டையைத் தூக்கி, வயிற்றையும் முதுகையும் தடவிப் பார்த்தார்.

"வெட்டலியே?"

"இல்லை அண்ணாச்சி."

"சரி, வீட்டுக்குப் போம். வெயில்ல நிக்காதயும்."

முந்தின கப்பலிலேயே நான் வருவதாக யாரோ சொன்னார்களாம். அன்றைக்கும் வந்து, கடைசி ஆள் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். என் வயிற்றைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவர், என் அம்மாவுக்கு அடுத்தபடி அவர் ஒருவர்தான்.