தவளையைப் பறக்கவிட்ட குரங்கு

ஜப்பான் தேசத்து மூங்கில் காடு ஒன்றில் சபுரோ என்றொரு குரங்கு இருந்தது. வீடியோ கேமுக்கு புரோகிராம் எழுதுவது அதன் தொழில். மற்றக் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருக்க, சபுரோ மட்டும் இருபது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து திரைக்குள் பிறரைத் தாவவைத்துக்கொண்டிருந்தது. அது எழுதியதில் ஒரு பிழை கிடையாது. அதில் அதற்கு உள்ளூரக் கர்வம்.

அந்த வருஷம் தாமரை இலைகளில் தவளை தாவும் கேம் ஒன்றை எழுதியது. கால் தவறினால் தவளை குளத்தில் விழுந்து சாகும், அதுதான் ஆட்டம். கடைக்கு வந்த மூன்றாம் நாள் காடெல்லாம் ஒரே பேச்சு. ஏழாவது இலையில் தவறி விழுந்தால் தவளை சாகவில்லையாம், பறக்கிறதாம்!

சபுரோவுக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளி நரி கிதாமுராவின் முன்னால், நெற்றி தரையில் பட விழுந்தது.

"ஐயா, மானம் போச்சு. திருத்திடறேன்."

"சீக்கிரம் திருத்தித் தொலை!"

சபுரோ பழையதை அடியோடு அழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து புதிதாக எழுதியது. விற்றதையெல்லாம் திரும்ப வாங்கி, புதியதைக் கொடுத்தார்கள்.

மறுநாள் கம்பெனி வாசலில் மான், முயல், கரடி என்று நீண்ட வரிசை. எல்லார் கையிலும் புகார்ப் படிவம். எல்லாவற்றிலும் ஒரே வரி: 'பறக்கிற தவளையைத் திருப்பிக் கொடு.'

நரி ஓடி வந்தது. "அந்தத் தப்பைத் திரும்பப் போடுப்பா!"

"எப்படி வந்ததுன்னே தெரியலையே, ஐயா."

"பழைய பிரதி?"

"தடயமே இருக்கக் கூடாதுன்னு, திரும்ப வாங்கினதையும் சேர்த்து அழிச்சிட்டேன்."

பத்து நாள் முயன்றது சபுரோ. கண்ணை மூடிக்கொண்டு எழுதியது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எழுதியது. தவளை ஒவ்வொரு முறையும் ஒழுங்காக விழுந்து ஒழுங்காகச் செத்தது.

பதினோராம் நாள் நரி, கோன்சோ என்ற காட்டுப்பன்றியை அழைத்துவந்தது. பன்றி கீபோர்டில் மூக்கால் நாலு தட்டு தட்டியது. தவளை பறந்தது, கூடவே குளமும் பறந்தது. வாசலில் ஒரே ஆரவாரம்.

கோன்சோ அன்றே தலைமைப் புரோகிராமர் ஆனது. சபுரோவுக்கும் வேலை போகவில்லை.

"இனிமே நீ கோன்சோவுக்குக் கீழே," என்றது நரி. "அது எழுதறதுல தப்பித்தவறி எங்கேயாவது சரியா வந்துட்டா, கண்டுபிடிச்சுச் சொல்லு."

முதல் வாரமே சபுரோ மூன்று இடம் கண்டுபிடித்துவிட்டது. பன்றிக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"மன்னிச்சுக்கங்கண்ணே," என்றது. "கொஞ்சம் கவனமா இருந்துட்டேன்."

நீதி: பிழை செய்யத் தெரியாதவன் பிழைக்கத் தெரியாதவன்.