மூன்று கேமராவும் ஓர் இருவாட்சிக் குடும்பமும்

ஒரு காட்டில், அதுவும் ஓரளவு டவர் கிடைக்கிற காட்டில், விசாலநேத்திரன் என்றொரு தேவாங்கு வாழ்ந்து வந்தது. முகத்தில் பாதி கண்ணாகவே இருந்ததால் வைத்த பெயர். காட்டில் எல்லோரும் அதைச் சுருக்கி விசாலம் என்றே கூப்பிட்டார்கள். விசாலத்துக்கு ஒரே ஒரு ஆசை. யார் தயவும் இல்லாமல் சொந்தமாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும்.

கதை எதிர்மரத்திலேயே இருந்தது. அங்கே மாசிலாமணி, மரகதம் என்று ஓர் இருவாட்சிப் பறவைத் தம்பதி. முட்டையிடும் காலம் வந்தால் இருவாட்சிப் பெண் மரப்பொந்துக்குள் போய், வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். குஞ்சு பொரித்து வளரும்வரை ஆண் பறவைதான் அந்தக் கீற்று வழியாகப் பழம் ஊட்ட வேண்டும். கடைசியில் ஒருநாள் சுவரை உடைத்துக்கொண்டு தாய் வெளியே வரும். அந்த ஒரு காட்சி போதும், படம் ஜெயித்துவிடும் என்று நினைத்தது விசாலம்.

பகலில் தூங்க வேண்டிய பிராணி தூக்கத்தை விட்டுவிட்டு நரியின் குகைக்குப் போனது. நரி அங்கே மூன்று கேமராக்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது.

"இருக்கறதுலயே எது நல்ல கேமரா மாமா?"

"எதுல எடுத்தாலும் படம் விழும்ப்பா."

நரி உண்மையைத்தான் சொன்னது. ஆனால் நரி உண்மை பேசும் கதை எதையும் விசாலம் அதுவரை கேட்டதில்லை. அதனால் நம்பவில்லை. அதன் முகத்தைப் பார்த்த நரி பெருமூச்சு விட்டது. "சரி, மூணையும் தூக்கிட்டுப் போ. ஒப்பிட்டுப் பாத்து ஒண்ணை வச்சுக்க. மத்த ரெண்டையும் கொண்டாந்து குடுத்துடு."

விசாலம் மூன்றையும் ஒரே கிளையில் பக்கத்தில் பக்கத்தில் கட்டியது. முதல் கேமரா அம்மிக்கல் கனம். ஆனால் அந்தி மங்கலிலும் பளிச்சென்று காட்டியது. இரண்டாவது கைக்கு அடக்கமானது. வெயில் ஏறினால் சூடாகி அணைந்துவிடும். மூன்றாவதில் நிறம் கொள்ளை அழகு. பேட்டரிதான் ஒரு வாழைப்பழம் தின்று முடிப்பதற்குள் தீர்ந்துபோகும்.

ஒப்பிட வேண்டுமானால் எதிரே ஏதாவது அசைய வேண்டும். அந்தப் பக்கத்தில் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது மாசிலாமணி மட்டும்தான்.

"அண்ணே, அதே அத்திப்பழத்தோட இன்னொரு தடவை பறந்து வாங்களேன். சிவப்பு கொஞ்சம் தூக்கலா விழுது."

"எனக்கு வேற பொழப்பு இல்லையாடா?" என்று முனகினாலும், மாசிலாமணி எப்படியும் போய் வந்துகொண்டேதான் இருந்தது. பனி இறங்கினால் விசாலத்துக்குப் பனிச் சோதனை. மழை கொட்டினால் மழைச் சோதனை. ஒருநாள் கழுகு ஒன்று மாசிலாமணியைத் துரத்தியது. அலகில் இருந்த பழத்தை விடாமல், முள்ளுக்குள் புகுந்து, சிறகு கிழிந்து தப்பியது மாசிலாமணி. விசாலம் அப்போது ஸ்லோமோஷன் சோதனையில் இருந்தது. பயத்தில் வால் இல்லாத அதன் பின்பக்கம் முழுக்க நடுங்கியது. கேமராக்கள் நடுங்கவில்லை.

பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏங்க, இன்னிக்கும் லேட்டா? எந்த மரத்துல உக்காந்து அரட்டை அடிச்சீங்க?"

"இல்ல மரகதம், ஒரு கழுகு..."

"நேத்து மழை. இன்னிக்குக் கழுகு. நாளைக்கு என்ன, யானையா? அடைஞ்சு கெடக்கறவ நான். நீங்க காத்தாட ஊர் சுத்துங்க."

மாசிலாமணி பழத்தை ஊட்டிவிட்டுப் போனது. விசாலத்துக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குறுக்கே ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தது. அதற்குள் உள்ளிருந்து, "தம்பி விசாலம், எந்தக் கேமராவுல நான் ஒல்லியாத் தெரிவேன்?" என்று கேள்வி வந்தது.

"அதையும் ஒப்பிட்டுடலாம்க்கா," என்றது விசாலம். நிஜமாகவே குறித்தும் கொண்டது.

அந்த நாள் வந்தது. நல்ல உச்சிவெயில். டொக் டொக்கென்று சுவர் உடைந்தது. முதல் கேமரா குறுக்கே ஆடிய ஓர் இலையைக் குறிவைத்து, பின்னாலிருந்த எல்லாவற்றையும் மங்கலாக்கியது. இரண்டாவது சூட்டில் அணைந்தது. மூன்றாவதன் பேட்டரியை விசாலம் மாற்றிக்கொண்டிருந்தபோது, மரகதம் புது இறகுகளோடு வெளியே வந்து, கிளையில் நின்று, பக்கவாட்டில் முகம் திருப்பிக்கூடக் காட்டியது. பின்னாலேயே குஞ்சும் எட்டிப் பார்த்தது.

"எடுத்தாச்சா தம்பி?"

விசாலம் தலையைத் தொங்கப் போட்டது. "இலைதான்க்கா விழுந்திருக்கு. இன்னொரு தடவை உள்ள போய்..."

"உள்ளயா? நானா?" மரகதம் போட்ட சத்தத்தில் பக்கத்து மரங்களெல்லாம் காலியாயின. "இத்தனை மாசமா என்னத்தடா எடுத்தே? இருக்கறதைப் போட்டுக் காட்டு. நான் பாத்தாகணும்."

மறுநாள் மத்தியானம் நரியின் இருண்ட குகையில், சுவர்மேல் படம் ஓடியது. வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒப்பிட எடுத்ததாகையால் எல்லாக் காட்சியும் மும்மூன்று முறை வந்தது. மாசிலாமணி பழத்தோடு வந்தது. கொஞ்சம் நீலமாக வந்தது. கொஞ்சம் மஞ்சளாக வந்தது. கரடி கொட்டாவி விட்டது.

மரகதம் கொட்டாவி விடவில்லை. கொட்டும் மழையில் சிறகு ஒட்டிப்போய், பறக்க மாட்டாமல் கிளைகிளையாகத் தத்தி வந்த புருஷனை அது அன்றுதான் பார்த்தது. உள்ளே இருந்தவரை அது பார்த்ததெல்லாம் கீற்றில் நுழையும் ஓர் அலகும் ஒரு பழமும்தான்.

அடுத்து கழுகு வந்தது. முதல் முறை மரகதம் வீலென்று கத்தியது. இரண்டாம் முறை பக்கத்தில் இருந்த மாசிலாமணியின் சிறகைப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் முறை, தப்பிவிடும் என்று தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டது.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றது மெல்ல.

"சொன்னேனே," என்றது மாசிலாமணி.

படம் முடிந்தது. முதல் கேமராவில்தான் கழுகின் நகம் துல்லியம் என்றது கரடி. மூன்றாவதில் விழுந்த மழை மாதிரி வராது என்றது மான். சண்டை குகைக்கு வெளியேயும் தொடர்ந்தது. மரகதம் எதிலும் கலந்துகொள்ளாமல், குஞ்சைப் புருஷனிடம் விட்டுவிட்டு, இரை தேட அதுவே கிளம்பியது.

"ஆக, எதைப்பா வச்சுக்கப் போறே?" என்று நரி கேட்டது.

"இன்னும் ஒரு பருவம் பாத்துட்டுத்தான் மாமா சொல்ல முடியும்," என்றது விசாலம்.

குஞ்சை அணைத்தபடி மாசிலாமணி விசாலத்தின் காதருகே குனிந்தது. "அவசரமே இல்லடா தம்பி. நிதானமாப் பாரு. எதிர்க்கிளையை மட்டும் காலி பண்ணிடாத."

அதற்குள் காட்டிலிருந்த மற்ற ஆண் பறவைகளும், தத்தம் வீட்டெதிரே நல்ல கிளை ஒன்று காலியாக இருப்பதாகச் சொல்லி விசாலத்தைச் சூழ்ந்துகொண்டன.

நீதி: மனைவியிடம் நல்ல பெயர் வாங்க விரும்புகிறவர், எந்தக் கேமரா வாங்குவதென்று முடிவெடுக்கத் தெரியாத ஒருவரை எதிர்வீட்டில் குடிவைத்துக்கொள்ள வேண்டும்.