என் எஞ்சினுக்கு மூடி கிடையாது

இந்த வீட்டில் ஒரு விஷயத்திலாவது என் சொல் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். விஷயம், டைமிங் பெல்ட் கவர்.

என் கார் கிழவன். எஞ்சின் படுத்தே விட்டது. காரைக்குடியில் மெக்கானிக் சேவுகன் அதை அக்கக்காகப் பிரித்து, புதுப் பாகங்கள் போட்டு, பிறந்த குழந்தை மாதிரி திருப்பிக் கொடுத்தான். முன்பக்கம் புதுப் பெல்ட். பளபளவென்று பற்சக்கரங்கள். அத்தனை அழகையும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடியால் மறைக்கப் பார்த்தான். நான் விடவில்லை. மூடியைக் கையோடு வாங்கி வந்துவிட்டேன்.

காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காளையார்கோவிலிலிருந்து கல்யாணம் நிச்சயமான என் மைத்துனன் மருதுபாண்டி வருகிறான். போன தடவை, "மச்சான், இதுக்கு டிரைவர் வேணாம், தள்ள ஆளு இருந்தா போதும்" என்று சிரித்தவன். அவன் கண்ணெதிரே பானட்டைத் திறந்து பெல்ட் சுற்றுவதைக் காட்ட வேண்டும். மூடி இருந்தால் எதைக் காட்டுவது?

வாசலிலேயே என் மனைவி காளீஸ்வரி மடக்கிவிட்டாள்.

"ஏங்க, என்னது இது?"

"பெல்ட் கவர்."

"காருல இருக்கவேண்டியத கையில ஏன் கொண்டாந்தீக?"

"அது என்னைக் கவரலை."

அவள் சிரிக்கவில்லை. என் சிலேடைக்கு அவள் சிரித்ததே இல்லை.

"கல்லுகில்லு தெறிச்சு உள்ள விழுந்தா?"

"பெல்ட்டு பல்லு தப்பும்."

"தப்புனா?"

"வால்வு வளையும்."

"வால்வு போனா நம்ம வாழ்வும் போச்சு. மூடியப் போடுங்க."

"முடியாது!"

சொல்லிவிட்டு நானே ஒரு படி பின்வாங்கினேன். அவளோ அமைதியாக, "சரிங்க. உங்க எஞ்சினு, உங்க இஷ்டம்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து என் காதில் விழாத வாக்கியம் அது. அப்போதே பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

மறுநாள் கல்லல் ஆபீசுக்குக் காரில் கிளம்பினேன். சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"கல்லலுக்கா? பேருலயே கல்லு இருக்கேங்க!"

"ஏய், அது ஊரு பேரு!"

"அங்குட்டு ரோடு போடுறாக. சல்லி கொட்டிக் கெடக்கு. பானட்டு மேலதானே மூடுது, கீழ தொறந்துல்ல கெடக்கு? வேணாம்."

பஸ்ஸில் போனேன். நின்றுகொண்டு.

சாயங்காலம் கொத்தமங்கலத்துக்கு நண்பன் ஆண்டியப்பனைப் பார்க்கக் கிளம்பினேன்.

"வைக்கோல் லாரி முன்னால போகும். ஒரு வைக்கோலு பறந்து பெல்ட்டுல மாட்டுனா?"

"மாட்டாது."

"எழுதிக் குடுப்பீகளா?"

நான் சாவிக்குக் கையை நீட்டினேன்.

"இல்லேன்னா மூடியப் போட்டுட்டு எங்குட்டு வேணா போங்க. நானா வேணாங்கறேன்?"

போட்டால் மானம் போகும். போடாவிட்டால் நானே எங்கும் போக முடியாது. வாரம் முழுக்கக் கார் நிழலில் நின்றது. நான் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் நின்றேன்.

ஞாயிறு வந்தது. மருதுபாண்டியும் வந்தான். நான் வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு. பானட்டைத் தூக்கினேன். அப்போதும் அவள் சாவியைத் தரவில்லை. காளீஸ்வரியே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் வண்டு மாதிரி ரீங்காரமிட்டது.

"பாரு மாப்ள!" என்று குனிந்து விரலை நீட்டினேன். துண்டு என்னைவிட ஆழமாகக் குனிந்தது. ஒரு நுனி பெல்ட்டுக்குள். மறுநுனி என் கழுத்தில். "காளீ" என்று அலறினேன். மனைவியைக் கூப்பிட்டேனா, தெய்வத்தைக் கூப்பிட்டேனா, இன்றுவரை தெரியாது. எஞ்சின் நின்றது. அவள் சாவியிலிருந்து கையையே எடுக்கவில்லையாம். டைமிங் என்றால் அது டைமிங்.

துண்டு போனது. கழுத்து மிஞ்சியது. போன் போட்டதும் சேவுகன் ஓடிவந்து பார்த்து, பெல்ட் பல் தப்பவில்லை என்றான். நானே மூடியை எடுத்துக் கொடுத்தேன். மாட்டினான். மருதுபாண்டி சிரிக்கவே இல்லை. ஆறுதல் சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மனசைத் தேற்றிக்கொண்டு கையை நீட்டினேன். "மூடி போட்டாச்சு. சாவியக் குடு. நாளையிலேர்ந்து கார்லதான் ஆபீஸ்."

அவள் சாவியைத் தம்பியிடம் கொடுத்தாள்.

"இவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஊரு ஊரா அலையணும்ல? கல்யாணம் முடியிற வரைக்கும் கார் இவன்கிட்ட இருக்கட்டும். போன வாரமே சொல்லிட்டேன்."

நீட்டிய கையை மடக்கினேன்.

"போன வாரமேயா? அதுக்காகவா என்னைய ஓட்டவே விடல?"

"புது எஞ்சினுல்ல? நீங்க ஓட்டிக் கெடுத்து வச்சா இவன் எதுல போவான்?"

"நான் அன்னைக்கே மூடியப் போட்டிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

காளீஸ்வரி கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"வேற ஏதாச்சும் யோசிச்சிருப்பேங்க."