எல்லா வாசலும் ஒன்றாகிப் போன தெரு

அன்புள்ள தம்பிக்கு, உன் அத்தான் எழுதுவது.

நானும் உன் அக்காவும் சௌக்கியம். உன் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன். சௌக்கியமில்லாதது நீ நகராட்சிக்காக வரைபடம் போட்டு அழகுபடுத்திக் கொடுத்த எங்கள் தெரு மட்டும்தான்.

உன் அக்காவுக்குக் கண் மங்கி மூன்று வருஷமாகிறது. எனக்கே அது மறந்துபோகிற அளவுக்குத் தனியாகக் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். சைக்கிள் கடை வாசலில் தகரம் கடகடக்கும், தையல்காரர் வீட்டு முன்னால் தரை சரியும், இஸ்திரி வண்டிப் பக்கம் கன்னத்தில் சூடு படும், அதற்கடுத்த உடைந்த படி நம் வீடு. தகரத்தை எடுத்தீர்கள், சரிவை நிரவினீர்கள், வண்டியைப் பின்தெருவுக்கு அனுப்பினீர்கள், எல்லா வாசலுக்கும் ஒரே உயரத்தில் படி, ஒரே சாம்பல் நிறக் கல். போன வெள்ளிக்கிழமை அவள் நாலு வீடு தள்ளி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீட்டுக்குள் போய்ப் பையை வைத்துவிட்டு, "மூணு நாளா அதே சட்டையா? கழட்டுங்க, துவைக்கணும்" என்று அதட்டியிருக்கிறாள். கல்யாணமே ஆகாத மனிதர், மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டார். "பனியனும் தரணுமாம்மா?" என்று அவர் கேட்ட பிறகுதான் குரல் வேறென்று தெரிந்திருக்கிறது.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் தப்பு. அன்றிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை. "என் தெருவுலயே நான் வழி கேக்கணுமாங்க?" என்கிறாள். மனசு கேட்காமல் சைக்கிள் கடைக்காரர் தகரத்தைத் திரும்பப் போட்டார், தையல்காரர் சரிவு இருந்த இடத்தில் சாக்கை மடித்து விரித்தார். உங்கள் ஆய்வாளர் வந்து இரண்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். "ஒரே சீரா இருக்கணும் சார், மேலிடத்து உத்தரவு" என்றார். மேலிடம் என்றால் நீதானே, தம்பி?

நீ நல்லெண்ணத்தில்தான் செய்தாய். மழைத் தண்ணீர் இப்போது தேங்குவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, உன் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி இந்தத் தெருவில் ஒருதரம் நட. எதையெல்லாம் அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று உனக்கே தெரியும். உடனே மாற்றிக் கொடு.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். கோபம் போக மிச்சமுள்ள ஆசியெல்லாம் உனக்கு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வெளியே கடப்பாரைச் சத்தம். குடிநீர்க் குழாய் பதிக்க மறந்துவிட்டார்களாம். முனைக்கு முனை தெருவைக் கொத்திப் போட்டுவிட்டார்கள், வாசலுக்கு வாசல் ஒவ்வொரு மாதிரி மேடு பள்ளம். நான் தடுக்கத் தடுக்க உன் அக்கா கம்பை எடுத்துக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு மேட்டையும் தட்டித் தட்டிக் கடைக்குப் போய், நேராக நம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். "இப்பதாங்க எது எங்கன்னு தெரியுது" என்கிறாள். ஆகவே தம்பி, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. தயவுசெய்து எதையும் சரிசெய்துவிடாதே.