கழிவுநீர்த் தொட்டி குறித்துச் சகலைக்கு

என் மனைவியின் தங்கையைக் கைப்பிடித்தவரும், மெத்தைக்கடை உரிமையாளரும், அண்மைக் காலமாக வரலாற்று ஆய்வாளர் என்று ஊரார் நம்பத் தொடங்கியிருப்பவருமான சகலை அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமும், மைத்துனியின் நலமும், தங்கள் கைபேசியின் நலமும் அறிய ஆவல்.

கல்யாணமான நாள் முதல் தங்களை "நீ" என்றே அழைத்து வந்திருக்கிறேன். இக்கடிதத்தில் "தாங்கள்" என்று எழுதுவதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது இடைவெளி. அடுத்த தெருவில் இருந்துகொண்டு எதற்குத் தபால் என்று தாங்கள் கேட்கக்கூடும். நேரில் வந்தால் தேநீர் கொடுத்துவிடுவீர்கள். தேநீர் குடித்த வீட்டில் கோபத்தைத் தொடர்ந்து நடத்த எனக்குத் தெரியாது.

தங்களுக்கு நினைவூட்ட வேண்டிய நிலை வந்ததே வெட்கக்கேடு, இருந்தாலும் எழுதுகிறேன். உலகப்போர்க் காலத்தில் இந்த ஊரைச் சுற்றிக் கட்டப்பட்டு, போர் முடிந்ததும் முள்ளுக்கும் வௌவாலுக்கும் விடப்பட்ட பதுங்குகுழிகள், காவல் கூண்டுகள், பீரங்கி மேடைகள் ஆகியவற்றைத் தேடிப் போய், சுவரின் கனத்தை அளந்து, துப்பாக்கித் துளை எத்திசையை நோக்குகிறது என்று குறித்து, முறையான வரைபடம் தீட்டி வைப்பது என் பொழுதுபோக்கு. தங்களுடையது அல்ல, என்னுடையது. வார நாட்களில் நான் காப்பீட்டு நிறுவனத்தின் சேத மதிப்பீட்டாளன். எரிந்த கிடங்குக்குப் போய், அது உண்மையிலேயே எரிந்ததா என்று சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளம் இல்லாமல் சந்தேகப்படுகிறேன். வரலாற்றில் முதுகலை முடித்தவனுக்கு உலகம் விட்டுவைத்த இடம் அவ்வளவுதான். வட்டார வரலாற்றுக் கழகத்தின் காலாண்டிதழில் என் கட்டுரைகள் வெளிவருகின்றன. அவற்றை இருவர் படிக்கிறோம். மற்றவர் மெய்ப்புத் திருத்துபவர். அவரும் பாதியில் நிறுத்திவிடுகிறார் என்பது பின்பாதியின் எழுத்துப்பிழைகளிலிருந்து தெரிகிறது.

என் மனைவி ஒரு நாளும் என்னோடு வந்ததில்லை. "ஈரச் செவுத்தைப் பாக்க அவ்வளவு தூரம் எதுக்குங்க? நம்ம குளியலறையிலேயே இருக்கு" என்பாள். நான் திரும்பும்போது வாசலிலேயே மறிப்பாள். "அந்த பூட்ஸோட உள்ள வராதீங்க." எங்கள் வீட்டுக்குள் வரலாறு அதற்கு மேல் நுழைந்ததில்லை. அதைப் பற்றி நான் குறைபட்டுக்கொண்டதும் இல்லை. தனிமை ஓர் ஒழுக்கம் என்று எனக்கு நானே சொல்லி, ஏறக்குறைய நம்பியும் இருந்தேன்.

இப்படி இருக்கையில்தான், கடையில் தண்ணீர்க்குழாய் உடைந்து கதவடைத்த ஒரு ஞாயிறன்று, வேறு போக்கிடம் இல்லாமல், தாங்கள் என்னோடு மலையடிவாரத்துப் பதுங்குகுழிக்கு வந்தீர்கள். ரப்பர்ச் செருப்போடு வந்தீர்கள். நான் குனிந்து சுவரை அளந்துகொண்டிருக்க, தாங்கள் என்ன செய்தீர்கள்? கைபேசியை என் பையின் மேல் சாய்த்து நிறுத்திவிட்டு, தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்தீர்கள். "வணக்கம் மக்களே! நான் இப்ப எங்க படுத்திருக்கேன்னு சொல்லுங்க பாப்போம்! அந்தக் காலத்துச் சிப்பாய் படுத்த எடம். படுத்தவன் ராத்திரி பூரா தூங்கியிருக்க மாட்டான், இடுப்புல இடிக்குது. இடது பக்கமாத்தான் திரும்பிப் படுத்திருப்பான் பாவம்." என்ன ஆதாரம்? இடது பக்கம் என்பதற்கு என்ன ஐயா ஆதாரம்? ஊர் மக்கள்தொகையை விட அதிகம் பேர் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை. "பின்னாடி குனிஞ்சுட்டு இருக்கறது யாரு, பிளம்பரா?" என்றுதான் கேட்டார்கள். அதற்குத் தாங்கள் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள்.

அந்த வீடியோவை என் மனைவி சமையலறையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்தாள். சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிச் சிரிக்கக்கூடியவள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. அடுத்த வாரம் புதுக் காலணி வாங்கி வந்தாள். கணுக்கால் வரை மூடியது, நல்ல பிடிமானம் உள்ளது, என்னுடையதை விட உயர்ந்தது.

"என்னங்க, தம்பி கூப்பிட்டாரு. தங்கச்சியும் வர்றா. சும்மா ஒரு நடை போயிட்டு வர்றோம்."

"எங்கே?"

"உங்க பீரங்கி மேடைக்குத்தான். நீங்களும் வாங்களேன்."

"எனக்கு வேலை இருக்கிறது" என்றேன். என்ன வேலை? அதே பீரங்கி மேடையின் வரைபடத்துக்கு மை தீட்டும் வேலை. மாலையில் முகமெல்லாம் வெயிலோடு திரும்பி வந்தவள், "அங்க இருந்து பாத்தா ஆறு வளைஞ்சு போறது அவ்வளவு அழகுங்க, நீங்க சொன்னதே இல்லையே" என்றாள். சொல்லியிருக்கிறேன். அச்சில் இருக்கிறது: "தென்கிழக்கே ஆற்று வளைவு வரை பீரங்கிக்குத் தடையற்ற சுடுவெளி."

இனி குற்றத்துக்கு வருகிறேன். எங்கள் பொழுதுபோக்கில் ஒரு மரபு உண்டு. நல்ல சின்னம் ஒன்றைக் கண்டுபிடித்தால் அதன் சரியான இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டோம். சொன்னால் இரும்பு பெயர்ப்பவனும் பாட்டில் உடைப்பவனும் முதலில் போய்ச் சேர்வார்கள். கேட்பவருக்குச் சற்றுத் தள்ளி ஓர் இடத்தைச் சொல்லி அனுப்புவோம். தாங்கள் போன் செய்து, "சகலை, நீங்க கண்டுபிடிச்சதுலயே பெஸ்ட்டு எதுவோ அதோட லொக்கேஷன் அனுப்புங்க, அண்ணிக்குக் காட்டணும்" என்றீர்கள். அண்ணிக்குக் காட்டணுமாம்! என் பதுங்குகுழியை, என் பெண்டாட்டிக்கு, நீ காட்டுவியா? நீ யாருடா காட்டறதுக்கு? மன்னிக்கவும். தாங்கள் யார் காட்டுவதற்கு? ஆகவே மரபின்படி, ஆற்றுக்கு அக்கரையில், மூடிக் கிடக்கும் பால்பண்ணையின் பின்புறத்து முட்காட்டை அனுப்பினேன். அந்த இடத்தைக் கவனமாகத்தான் தேர்ந்தெடுத்தேன். அங்கே போர்க்காலக் கட்டடம் எதுவும் இல்லை என்று முன்பே கட்டுரை எழுதி நிறுவியவன் நான். ஒன்றுமில்லாத இடம் என்பதற்கு என்னை விடப் பெரிய ஆதாரம் இவ்வூரில் கிடையாது.

ஒன்றுமில்லாத இடத்துக்கு அனுப்பப்பட்ட கௌரவமான மனிதன் என்ன செய்வான்? தேடுவான், முள் குத்திக்கொள்வான், முகம் தொங்க வீடு திரும்புவான். தாங்கள் தேடவே இல்லை. ஒரு மேட்டில் ஏறிப் படுத்துவிட்டீர்கள். பக்கத்தில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்தாள். எழுந்தவளின் கால் முழங்கால் வரை மண்ணுக்குள் போயிற்று. "அண்ணி, அசையாதீங்க! கீழ ரூம் இருக்கு!" என்று கத்திய தாங்கள், மைத்துனியிடம், "ஏய், கேமராவைப் பிடி, அக்காவை அப்புறம் பிடிக்கலாம்!" என்றீர்கள். பிறகு அந்த வீடியோவில், கால் சிக்கிய நிலையிலேயே, என் மனைவி உலகத்துக்குச் சொல்கிறாள்: "அவருக்கு எல்லாம் தெரியும். அவர்தான் எடம் சொல்லி அனுப்பினாரு." என்னைப் பற்றி யாரும் இவ்வளவு பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை. பேசப்பட்ட ஒரே தடவை, அது பொய்யாக இருக்கிறது. ஆமாம் என்று சொல்லவும் வழியில்லை, என் கட்டுரை அச்சில் நிற்கிறது. இல்லை என்று சொல்லவும் வழியில்லை, ஏன் அங்கே அனுப்பினீர்கள் என்று அவள் கேட்பாள். இப்படி ஒரு மூலையில் என்னை எவனும் நிறுத்தியதில்லை. தாங்கள் படுத்துக்கொண்டே நிறுத்தினீர்கள்.

கழகச் செயலாளர் உடனே கூப்பிட்டார். "சார், உங்க சகலை பிரமாதம் சார்! நீங்க ஒண்ணுமே இல்லைன்னு எழுதின எடமாச்சே?" அங்கே பலகை நடப் போகிறார்களாம். "கண்டறிந்தவர்கள்" என்று போட்டு, தங்கள் பெயர், என் மனைவி பெயர், மைத்துனி பெயர். இத்தனை காலம் வௌவால் எச்சத்தில் தவழ்ந்தவனுக்கு இவ்வூரில் ஒரு பலகை இல்லை. பிளாஸ்க் தூக்கிப் போனவர்களுக்கு இருக்கிறது.

ஆனால் தாங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அந்த நிலத்தை வாங்கியவர் முழுவதையும் மட்டப்படுத்திக் கிடங்கு கட்டப் போகிறார். கழகம் எழுத்தில் கருத்துச் சொல்லும்வரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கழகத்தின் கருத்தை எழுதுவது யார்? எப்போதும் போல் நான். எழுதிவிட்டேன்: "மேற்படி கட்டடம் பால்பண்ணையின் கழிவுநீர்த் தொட்டியாகும். வரலாற்று மதிப்பு ஏதுமில்லை. இடித்தகற்ற ஆட்சேபமில்லை." நேற்று செயலாளர் வீட்டுத் தபால்பெட்டியில் என் கையாலேயே போட்டேன். மகள் வீட்டுக்குப் போயிருப்பவர் நாளை திரும்புகிறார். மறுநாள் மண்வாரி இயந்திரம் வரும். நான் உள்ளே இறங்கிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. என் அனுபவத்துக்கு வீடியோ போதும்.

ஆகவே, தாங்கள் அந்த வீடியோவை நீக்கிவிட்டு, மெத்தை வியாபாரத்தோடு நின்றுகொள்ள வேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவியை எந்தப் பள்ளத்துக்கும் அழைக்கக் கூடாது என்றும் இதன்மூலம் அறிவித்துக்கொள்கிறேன். இனி நம் இரு வீடுகளுக்கும் இடையே பேச்சு தேவையெனில் எழுத்தில் நடக்கட்டும்.

மைத்துனிக்கு என் அன்பைத் தெரிவிக்கவும். தங்கள் கடை செழிக்கட்டும். வாங்கியவர்கள் எல்லோரும் நிம்மதியாக உறங்கட்டும். எனக்குத்தான் உறக்கம் வருவதில்லை, அதற்கும் மெத்தை காரணமில்லை.

இங்ஙனம்,
இக்கடிதம் எழுதும்வரை தங்கள் மூத்த சகலை.

பி.கு.: உறையை ஒட்டுமுன் இன்று காலை பால்பண்ணைக்குப் போனேன். தொட்டியின் நீள அகலம் இல்லாமல் ஒரு கருத்துரை முழுமையாகாது அல்லவா? துளை வழியாக இறங்கும்போது கை நழுவியது. கீழே நீ ஒரு மெத்தை போட்டு வைத்திருந்தாய். அதற்கு நன்றி, அதை இனியொரு முறை எழுத மாட்டேன்.

முதல் அறையில் உங்கள் கால்தடங்கள் இருந்தன. உள்ளறை வாசலின் குறுக்கே என் மனைவியின் கழுத்துத் துண்டு கட்டியிருந்தது. அவிழ்த்துவிட்டுப் போனேன். அது கண்காணிப்பு அறை, தம்பி. வெளியே பார்க்கும் நீண்ட திறப்பை மண் அடைத்துவிட்டது. ஆனால் அதற்கு மேலே, சுவர் முழுக்க, திறப்பின் வழியே அன்றைக்கு என்ன தெரிந்ததோ அதை ஒரு சிப்பாய் வண்ணத்தில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் தூரம் எழுதி வைத்திருக்கிறான். மணிக்கூண்டு, பாலம், ஆற்றின் வளைவு. இப்படி ஒன்று எங்கேயாவது ஈரம் தின்னாமல் மிஞ்சியிருக்குமா என்றுதான் இத்தனை ஞாயிறுகளும் தேடினேன். உட்கார்ந்துவிட்டேன். "பாத்தியா?" என்றேன், வாய்விட்டு. பக்கத்தில் யாரும் இல்லை.

வீட்டுக்குப் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பூட்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"உள் ரூம் பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"தம்பி போகணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நாந்தான் துணியைக் கட்டிட்டேன். அது அவர் அனுப்பின எடம், அவர்தான் மொதல்ல பாக்கணும்னு சொல்லிட்டேன்."

அதே பூட்ஸோடு செயலாளர் வீட்டுக்கு ஓடினேன்.

மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, நடை நன்றாக அமைந்துவிட்டது, படிக்காததாக வைத்துக்கொள். இதை உன் கடை ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன், போனில் கேட்க வாய் வரவில்லை. அவசரம் இதுதான்: செயலாளர் அந்த உறையைத் திறந்தால் அடுத்த நிமிடமே நிலக்காரருக்கு வாசித்துக் காட்டிவிடுவார். பெட்டியின் சாவி பக்கத்து வீட்டு அம்மாளிடம் இருக்கிறது. சற்று முன் போய்க் கெஞ்சினேன். "முன்பின் தெரியாத ஆளுக்கு எப்படிங்க குடுக்கறது? அந்த மெத்தைக்காரர் வந்து கேட்டா குடுப்பேன், அவர் நம்ம ஆளு" என்றாள். நான் அவருடைய சகலை என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படிச் சொல்லிக்கொண்டேன். அந்த அம்மாள் நம்பவில்லை. நாளை காலை செயலாளர் வருமுன் நீ போய் உறையை வாங்கிவிடு. அப்படியே, நான் உன் சகலைதான் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா.